பழைய பென்ஸும் மக்ரிபின் முஅல்லிம்களும்

அரபு மொழியில் மோட்டார் காருக்கு 'ஸய்யாரா' என்று பெயர். இச்சொல் மோட்டார் பிறந்த பின்னர் ஆக்கப்பட்டதன்று. பயணம் செல்லுதல் என்னும் பொருளுடைய 'ஸைர்' என்ற வேரினின்று தோன்றி, ஊர்விட்டு ஊர் செல்லும் வழிப்போக்கர் கூட்டத்தைக் குறித்துவந்த பழஞ்சொல் அது. திருக்குர்ஆனின் யூஸுஃப் அத்தியாயத்தில், கிணற்றிலே கிடந்த யூஸுஃப் நபி (அலை) அவர்களைக் கண்டெடுத்த கூட்டம் இச்சொல்லாலேயே சுட்டப்படுவதை வாசகர்கள் அறிவர். இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வந்து நின்றபோது, அரபு மொழி புதுச்சொல் தேடி அலையவில்லை. பழைய சொல்லொன்றை எடுத்துத் துடைத்துப் புதுப்பணியில் அமர்த்திக்கொண்டது.

பழையதை எடுத்துச் செப்பனிட்டுப் பயன்கொள்ளும் அக்கலை சொல்லோடு நின்றுவிடவில்லை. அச்சொல் குறிக்கும் பொருளிலும் நடந்தேறியது. ஜெர்மனியில் வசதி படைத்தோர்க்கென்று செய்யப்பட்ட கார் ஒன்று, முதுமையடைந்து விலை சரிந்த பின், மொராக்கோ நாட்டில் எளிய மக்களின் ஊர்தியாகப் பல்லாண்டுக் காலம் ஓடிற்று. மெர்ஸிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தின் 'டபிள்யூ 123' என்னும் அவ்வண்டி வகையின் வரலாற்றையும், அதனை வாழவைத்த கைகளின் வரலாற்றையும் இக்கட்டுரையில் நோக்குவோம். பழைய சொகுசு வண்டியொன்றை மலிவாக வாங்கலாமா என்று எண்ணுகின்ற எவர்க்கும் இவ்வரலாற்றிலே பாடம் உண்டு.

வண்டியின் பிறப்பு

டீசல் எஞ்சின் முதலில் கப்பலுக்கும் தொழிற்சாலைக்கும் சரக்கு வண்டிக்கும் உரியதாகவே கருதப்பட்டது. அதன் இரைச்சலும் அதிர்வும் புகையும் பயணிகள் காருக்குப் பொருந்தா என்பது அந்நாளைய எண்ணம். 1936ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் மெர்ஸிடிஸ் நிறுவனம் '260 டி' என்னும் டீசல் காரை வைத்து அவ்வெண்ணத்தை மாற்றத் தொடங்கியது. எரிபொருட் செலவு குறைவாயிருந்தமையால் வாடகைக் கார் ஓட்டுவோர் அதனை விரும்பி ஏற்றனர். டீசல் பென்ஸுக்கும் வாடகைத் தொழிலுக்கும் ஏற்பட்ட உறவு அன்று தொடங்கியதாகும்.

அவ்வழியில் வந்ததே டபிள்யூ 123. 1976 ஜனவரியில் வெளிவந்த இவ்வகை, 1986ஆம் ஆண்டின் தொடக்கம் வரை உற்பத்தி செய்யப்பட்டது. அப்பத்தாண்டுக் காலத்தில் ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. பெட்ரோல் எஞ்சினும் உண்டு, டீசல் எஞ்சினும் உண்டு. அவற்றுள் நம் வரலாற்றுக்கு உரியது பெரும்பாலும் '240 டி' என்னும் டீசல் வண்டியே. அதன் எஞ்சின் 2.4 லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடையது. தொடக்கத்தில் 65 குதிரை ஆற்றலும், 1978ஆம் ஆண்டுக்குப் பின் 72 குதிரை ஆற்றலும் அதற்கு உண்டு. ஏறத்தாழ 1,400 கிலோ எடையுள்ள வண்டிக்கு இது மிகவும் குறைந்த ஆற்றலே. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு இருபது விநாடிக்கு மேலாகும். ஆயினும் விரைவிலே குறைந்தது உழைப்பிலே நிறைந்திருந்தது. தன் ஆற்றலுக்கு மீறித் திணறாமல் நிதானமாகச் சுழலும் எஞ்சின் நெடுநாள் வாழும் என்பது பொறியியலார் அறிந்த உண்மை.

ஜெர்மனியில் இவ்வண்டிக்கு இருவகை மதிப்பு இருந்தது. மருத்துவரும் வழக்கறிஞரும் வணிகரும் தம் அந்தஸ்தின் அடையாளமாக இதனை வாங்கினர். வாடகைக் கார் ஓட்டுவோரும் இதனையே வாங்கினர். அந்நாட்டு வாடகைக் கார்கள் 1971ஆம் ஆண்டு முதல் தந்த நிறம் பூசப்படவேண்டும் என்று விதி இருந்தமையால், ஒரே வண்டி ஒரு வீட்டு வாசலில் சொகுசுக் காராகவும், அடுத்த தெருவில் தந்த நிற வாடகைக் காராகவும் நின்றது.

நீரிணையைக் கடந்த வழி

இவ்வண்டிகள் மொராக்கோவை அடைந்த வழியைப் புரிந்துகொள்ள மனிதர்கள் சென்ற வழியை முதலில் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் போதவில்லை. 1963ஆம் ஆண்டு அந்நாடு மொராக்கோவோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரான்ஸும் அதே ஆண்டில் ஒப்பந்தம் செய்தது. பெல்ஜியம் 1964லும் நெதர்லாந்து 1969லும் அவ்வாறே செய்தன. பல்லாயிரவர் வடக்கே சென்றனர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டபோதிலும், சென்றவர்களிற் பலர் அங்கேயே தங்கினர். கோடை விடுமுறையில் மட்டும் தாயகம் வந்து போயினர்.

ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் பிரிக்கும் ஜிப்ரால்டர் நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமே உடையது. விடுமுறைக்கு வருவோர் பிரான்ஸையும் ஸ்பெயினையும் தரைவழியே கடந்து, கப்பலில் வண்டியை ஏற்றித் தாயக மண்ணில் இறக்குவர். வெளிநாட்டுப் பணத்தோடும் பரிசுப் பொருள்களோடும் காரும் வந்தது. வந்த கார் சில வேளைகளில் திரும்பிச் செல்வதில்லை. உரிய வரியைக் கட்டி உள்ளூரிலேயே விற்றுவிடுவர். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புவோரின் பெட்டிகளைக் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு இக்காட்சியை விளக்கவேண்டிய தேவையில்லை. ஜெர்மனியில் பத்தாண்டு ஓடித் தேய்ந்த பென்ஸ், அங்கே மதிப்பிழந்து இங்கே மதிப்புப் பெற்றது. இதனையே தொழிலாகக் கொண்ட வணிகரும் தோன்றினர்.

பெரிய டாக்ஸி

மொராக்கோவில் இருவகை வாடகைக் கார்கள் உண்டு. நகரத்திற்குள் ஓடுவது சிறிய டாக்ஸி. ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடுவது 'டாக்ஸி கபீர்', அதாவது பெரிய டாக்ஸி. பேருந்து போகாத சிற்றூர்க்கும், மலைப்பாதைக்கும், வாரச் சந்தைக்கும் செல்வது இதுவே. இதற்குக் குறித்த நேரமில்லை. ஆள் நிறைந்ததும் புறப்படும். கட்டணம் இருக்கைக் கணக்கில் வாங்கப்படும்.

இருக்கைக் கணக்கு எத்தகையது என்பதிலேதான் வியப்பு உள்ளது. ஓட்டுநரோடு நால்வர் வசதியாக அமர்வதற்கென்று வடிக்கப்பட்ட பென்ஸில் ஆறு பயணிகள் ஏற்றப்பட்டனர். முன்னிருக்கையில் ஓட்டுநருக்கு அருகே இருவர், பின்னே நால்வர். நெருக்கம் பொறாதவர் இரண்டு இடத்துக்குப் பணம் கொடுத்துக் காலை நீட்டிக்கொள்வார். கிட்டத்தட்ட 4.7 மீட்டர் நீளமும், அகன்ற இருக்கைகளும், உறுதியான அடித்தளமும் உடைய வண்டியாதலால் இச்சுமையை அது தாங்கிற்று.

இத்தொழிலின் உள்ளமைப்பையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். பெரிய டாக்ஸி ஓட்டுவதற்கு 'மஃதூனிய்யா' என்னும் உரிமம் தேவை. அனுமதி என்னும் பொருள்படும் 'இத்ன்' என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. அரசின் கொடையாகச் சிலர்க்கு வழங்கப்பட்டுவந்த அவ்வுரிமத்தை வைத்திருப்பவர் வேறு, வண்டியை ஓட்டுபவர் வேறு என்பதே பெருவழக்கு. ஓட்டுபவர் உரிமக்காரருக்கு வாடகை கொடுக்கவேண்டும். எரிபொருளும் பழுதுச் செலவும் போக எஞ்சியதே குடும்பத்துக்கு. புத்தம்புது வண்டி வாங்கும் ஆற்றல் அத்தகையோர்க்கு எங்கிருந்து வரும்? பழைய பென்ஸ் அவர்களுக்கு ஆடம்பரமாக வரவில்லை. கைக்கெட்டிய ஒரே முதலாக வந்தது.

குறையறிந்து வாங்குதல்

பழைய வண்டி வாங்குவோனுக்கு முதற் பகை மறைந்துகிடக்கும் குறையே. ஃபிக்ஹ் நூல்களின் வணிகப் பகுதியில் 'ஐப்' என்னும் சொல் இதனைக் குறிக்கும். பொருளின் மதிப்பைக் குறைக்கும் மறைகுறை ஒன்று பின்னர் வெளிப்படின், வாங்கியவன் பொருளைத் திருப்பித்தரும் உரிமை உடையவன். அவ்வுரிமை 'கியார் அல்-ஐப்' எனப்படும். மாலிகி மத்ஹபைப் பின்பற்றும் மொராக்கோவில் இக்கோட்பாடு பழையது. 1913ஆம் ஆண்டு அங்கே இயற்றப்பட்ட ஒப்பந்தச் சட்டத்தொகுப்பிலும் குறைக்கான பொறுப்பு விற்பவன்மீது வைக்கப்பட்டது. எனினும் கண்ணால் கண்டறிந்து ஏற்றுக்கொண்ட குறைக்கு விற்பவன் பொறுப்பாகான். ஆதலின் வாங்குபவனின் கண்ணும் காதும் விழித்திருத்தல் இன்றியமையாதது.

இவ்வகை டீசல் பென்ஸைச் சோதிக்கும் முறைகள் அத்தொழிலில் பழகியோர் யாவரும் அறிந்தவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியைக் கிளப்பிப் பார்க்கவேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை இருபத்தொரு மடங்கு அழுத்திப் பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்றுகிறது. குளிர்ந்த நிலையில் உதவுவதற்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சூடேற்றும் பிளக் உண்டு. அவை நன்னிலையில் இருந்தும் எஞ்சின் கிளம்பத் தயங்குமாயின், அழுத்தம் குன்றியிருக்கலாம் என்று ஐயுறவேண்டும். விற்பவர் முன்கூட்டியே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் அக்குறை மறைந்துவிடும். அதனாலேயே அறிந்தவர்கள் முதலில் எஞ்சின் மூடியின்மீது கைவைத்துப் பார்ப்பர்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போது மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தளர்த்தி அப்படியே வைத்துப் பார்ப்பர். மூடி அமைதியாக அசைந்தால் நன்று. துள்ளிக் குதித்துப் புகை கக்கினால் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்களும் தேய்ந்தன என்பது பொருள். புகையின் நிறமும் பேசும்: நீலமாயின் எஞ்சின் ஆயில் எரிகிறது, கருமையாயின் டீசல் முழுதும் எரியவில்லை. ஓடிய தொலைவைக் காட்டும் எண்ணை மட்டும் எவரும் சாட்சியாகக் கொள்வதில்லை. அக்கருவியின் சிறு பற்சக்கரம் உடைந்துபோதல் இவ்வகை வண்டிகளில் வழக்கம். எண் நின்றுவிடும், வண்டி நில்லாது ஓடிக்கொண்டேயிருக்கும்.

இவை யாவற்றினும் கொடியது துரு. எஞ்சினை மாற்றலாம், உடலை மாற்றுவது அரிது. சக்கர வளைவுகள், ஜாக்கி கொடுக்கும் துளைகள், பாட்டரியின் அடித்தட்டு, உபரிச் சக்கரம் கிடக்கும் குழி ஆகிய இடங்களில் தகடு அரித்துப்போகும். பனிக்காலச் சாலைகளில் உப்பு தூவும் ஜெர்மனியில் இக்கேடு மிகுதி. வறண்ட காற்று வீசும் மொராக்கோவின் உள்நாட்டு ஊர்களில் துரு மெல்லவே நடந்தது. ஐரோப்பாவில் குப்பைக்குப் போக வேண்டிய வயதில் மக்ரிபில் அவ்வண்டிகள் உழைத்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முஅல்லிமின் பட்டறை

பழைய சொகுசு வண்டியைப் பற்றிய ஓர் உண்மையை வாங்குவோர் பலர் மறந்துவிடுகின்றனர். வண்டியின் விலை வயதோடு குறையும். உதிரிப் பாகத்தின் விலை அவ்வாறு குறையாது. சொகுசு வண்டியின் பாகம் முதுமையிலும் சொகுசு விலையே கேட்கும். இதனால் மலிவாக வாங்கிய வண்டியைப் பழுது பார்க்க இயலாமல் முற்றத்தில் நிறுத்திவிட்டோர் எந்நாட்டிலும் உண்டு. டபிள்யூ 123 மட்டும் இவ்விதியினின்று எவ்வாறு தப்பிற்று?

காரணங்கள் மூன்று. முதலாவது, எண்ணிக்கை. 27 லட்சம் உடன்பிறப்புகளைக் கொண்ட வண்டிக்குப் பாகத்தட்டுப்பாடு எளிதில் வாராது. இறந்த வண்டி உயிருள்ள வண்டிக்கு உறுப்புத் தந்தது. நம் நாட்டில் பழைய பாகங்கள் விற்கும் கடையைக் 'காயலான் கடை' என்கிறோம். காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் அது என்பர். அத்தகைய கடைகளும் சந்தைகளுமே மொராக்கோவில் பென்ஸின் இரத்தநாளங்களாக இருந்தன.

இரண்டாவது, அமைப்பின் எளிமை. 200 டி, 240 டி, 300 டி ஆகியவற்றின் எஞ்சின்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடிக்கொண்டிருப்பதற்கு அவற்றுக்கு மின்சாரம் ஏறத்தாழத் தேவையில்லை. டீசலைப் பீச்சும் பம்ப்பும் இயந்திர முறையிலேயே இயங்குவது. சாவியைத் திருப்பினால் எஞ்சினை நிறுத்துவதுகூட, பிந்தி வந்த வண்டிகளில், காற்றை உறிஞ்சும் வெற்றிடக் குழாயின் வேலை. குழாயில் சிறு வெடிப்பு விழுந்தால் சாவியை எடுத்த பின்னும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்! அறியாதவர்க்கு அது பேய்க்கூத்து; அறிந்தவர்க்கு ஒரு முழ ரப்பர்க் குழாயின் செலவு.

மூன்றாவது காரணமே தலையானது. மொராக்கோவில் கைத்தொழிலில் தேர்ந்தவரை 'முஅல்லிம்' என்று அழைப்பர். பேச்சு வழக்கில் அது 'ம்அல்லம்' என்று ஒலிக்கும். மதரஸாவில் ஆசிரியரைக் குறிக்கும் அதே சொல்! பித்தளைப் பாத்திரம் செய்பவரும், தோல் பதனிடுபவரும், மோட்டார் பழுது பார்ப்பவரும் அங்கே முஅல்லிம்களே. அவரிடம் தொழில் கற்கும் சிறுவன் 'முதஅல்லிம்'. பாடம் சொல்வதையே வாழ்வாகக் கொண்ட நமக்கு, இச்சொல் வழக்கு உவகையைத் தருகிறது. கற்பிக்கும் தகுதி பெற்றவனே கைவினைஞன் என்று அம்மக்கள் கொண்டனர் அன்றோ!

அம்முஅல்லிம்களின் வேலை நுட்பமானது. காற்று நுழையும் வால்வின் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருக்கவேண்டும். அதனை ஒவ்வொரு வால்வாகத் திருகி அமைப்பர். டீசல் பீச்சும் முனைகளைக் கழற்றித் துடைத்துச் சோதிப்பர். நீண்டு தளர்ந்த எஞ்சின் சங்கிலியை மாற்றுவர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் பொருத்துவர். அரித்த தகட்டை அறுத்தெறிந்து புதுத்தகட்டைப் பற்றவைப்பர். சிறுவனாகக் கருவிகளை எடுத்துக்கொடுத்தவன், எஞ்சினின் ஒலியைக் கேட்டே நோயைச் சொல்லும் முஅல்லிமாக வளர்ந்தான்.

இவ்வண்டிகளின் நீண்ட ஆயுளை அவற்றின் முகப்பிலுள்ள மூன்று முனை நட்சத்திரத்தின் பெருமையாகவே பலர் பேசுவர். அதற்கு ஒரு சான்றாகக் கிரேக்க நாட்டு வாடகைக் கார் ஓட்டுநர் கிரிகோரியோஸ் ஸாக்கினிதிஸின் வண்டியைக் காட்டுவர். டபிள்யூ 123க்கு முந்திய வகையைச் சேர்ந்த 1976ஆம் ஆண்டு 240 டி அது. அவர் அதனை 1981இல் பழைய வண்டியாகவே வாங்கினார். அப்போதே 2,20,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2004ஆம் ஆண்டு நிறுவனத்தின் காட்சியகத்துக்கு அதனைக் கொடுத்தபோது 46 லட்சம் கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. நிலவுக்கு ஆறுமுறை போய்த் திரும்பும் தொலைவு! ஆனால் அவ்வரலாற்றின் மறுபாதியையும் சொல்லவேண்டும். அவ்வண்டியில் எஞ்சின் பதினொரு முறை கழற்றி மாற்றப்பட்டது. ஓர் எஞ்சின் ஓடும்போது மற்றொன்று பட்டறையில் செப்பனிடப்பட்டது. நட்சத்திரம் தானாக ஓடவில்லை; கைகள் ஓடவைத்தன.

அந்திமக் காலம்

எப்பொருளுக்கும் தவணை உண்டு. உழைப்பால் போற்றப்பட்ட வண்டியே காலப்போக்கில் கேடாகவும் ஆயிற்று. முப்பதாண்டு தேய்ந்த டீசல் எஞ்சின்கள் நகரத் தெருக்களில் கரும்புகை கக்கின. டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டு அறிவித்தது. ஒருவர்க்குரிய முன்னிருக்கையில் இருவர் நெருங்கியமர்ந்த வண்டி விபத்துக்குள்ளாகும்போது, அவ்விருவரையும் காக்க ஒழுங்கான இருக்கைவார் இல்லை. எளியவர்க்கு மலிவாகக் கிடைத்த பயணத்தின் விலையை அவர்களின் நுரையீரலும் உயிரும் கொடுக்க நேர்ந்தது. இதனை மறைத்துப் பழமை பாடுவது நேர்மையாகாது.

2014ஆம் ஆண்டு மொராக்கோ அரசு பெரிய டாக்ஸிகளைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பழைய வண்டியை ஒழித்துப் புதுவண்டி வாங்குவோர்க்கு 80,000 திர்ஹம் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு டீசலுக்கான அரசு மானியமும் நீங்கிற்று. பென்ஸின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது 'டாசியா லாட்ஜி' என்னும் வண்டி. இப்னு பதூதா பிறந்த தஞ்சா நகருக்கு அருகே, 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொழிற்சாலையில் செய்யப்பட்டது அது. ஏழு இருக்கைகள்: ஓட்டுநர்க்கு ஒன்று, ஆறு பயணிகளுக்கு ஆறு. ஒவ்வொருவர்க்கும் தனி இருக்கை, தனி வார். பயணிகளின் எண்ணிக்கை மாறவில்லை. அவர்களின் மதிப்பு உயர்ந்தது. இம்மாற்றத்தை நாம் வரவேற்கவே வேண்டும்.

அதே வேளையில் நீரிணைக்கு அப்பால் நடந்ததையும் நோக்குக. ஜெர்மனியில் முப்பது வயது கடந்து, நன்னிலையில் பேணப்பட்ட காருக்கு 'எச்' என்னும் எழுத்துப் பொறித்த சிறப்பு எண்பலகை வழங்கப்படுகிறது. 1997ஆம் ஆண்டு வந்த ஏற்பாடு அது. அப்பலகை தாங்கி ஓடும் வண்டிகளுள் டபிள்யூ 123க்கு முன்வரிசையில் இடமுண்டு. ஒரு கரையில் நசுக்கி இரும்பாக்கப்பட்ட வண்டி, மறுகரையில் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்குரிய அரும்பொருளாயிற்று. நிறுவனமே பழைய வண்டிகளுக்கான பாகங்களை இன்றும் விற்கிறது.

இவ்வரலாற்றினின்று இல்லறத்தார் கொள்ளத்தக்க பயன் யாது? பழைய சொகுசு வண்டியை வாங்க விழைபவர் வண்டியின் பெயரைக் கேட்டு மயங்குதல் ஆகாது. அவ்வகையில் எத்தனை வண்டிகள் செய்யப்பட்டன, பாகங்கள் எங்கே கிடைக்கும், கையருகே அதனைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் உண்டா என்ற மூன்றையும் முதலில் உசாவவேண்டும். வாங்கும் விலையோடு பழுதுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவைக்கவேண்டும். துரு தின்ற வண்டியை எஞ்சினின் நலம் கண்டு வாங்கலாகாது. பழுது பார்க்க ஆளில்லாத ஊரில் விலையுயர்ந்த பழைய வண்டி வீட்டின் செல்வத்தைக் கரைக்குமேயன்றிச் சேர்க்காது.

இன்னொன்றும் உண்டு. இன்றைய வண்டிகளின் நோயைக் காதால் கேட்டறிய இயலாது. கணினியைப் பொருத்தியே அறியவேண்டும். அக்கருவியும் மென்பொருளும் இல்லாத சிறு பட்டறைக்காரர் கைகட்டி நிற்கிறார். மொராக்கோவின் முஅல்லிம்களிடம் இரும்பை அறிந்த கைகள் உள்ளன. அவற்றுக்குப் புதுக்கல்வி சேர்ந்தாலொழிய அக்கலை ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும். மக்ரிபில் மட்டுமன்று, நம் ஊர்ப் பட்டறைகளிலும் நிலை இதுவே. எண்ணெய்க் கறை படிந்த உடையோடு நிற்கும் அத்தொழிலாளரை முஅல்லிம் என்று மதித்தழைத்த ஒரு சமுதாயம் அரபு மண்ணின் மேற்கு மூலையில் இருக்கிறது. அம்மதிப்பை நாமும் கற்றுக்கொள்வதும், நம் பிள்ளைகளில் கைத்திறன் உள்ளவர்க்கு அத்தொழிலின் புதுப்பாடங்களைக் கற்பிக்க வழிசெய்வதும் நம் கடமையாகும்.